திரிசூலத்துக்கு எதிர்க்கரை

திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியை இழுத்துக்கொண்டு விமான நிலையத்துப் பக்கம் போவார்கள். நாங்கள் மலைப்பக்கம் திரும்பினோம். என்னுடன் வந்தவர் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் நிலவியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருக்காரர். அன்டார்க்டிகாவில் பெட்ரோலியம் இருக்குமா என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டு வைத்தேன். "அதுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், திரிசூலத்துலேர்ந்து பள்ளிக்கரணை வரைக்கும் ஒரு நாள் சுத்துவோம். தெரிஞ்ச வரைக்கும் காட்டுறேன்" என்றார்.

கோயிலைத் தாண்டி ஏறினால் பழைய கல்குவாரி. கிணறு மாதிரி செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவர், அடியில் பச்சையாகத் தேங்கிய தண்ணீர். குரோம்பேட்டை, பம்மல், பல்லாவரம் வட்டாரத்தின் பழைய வீடுகளுக்கு அஸ்திவாரமும், இந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு ஜல்லியும் இப்படிப்பட்ட குழிகளிலிருந்து போனவைதான். மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்தில் கைவிட்ட குவாரிகளில் நின்ற மழைநீர் 2019 வறட்சியில் சென்னைக்குக் குடிநீராகப் போனது.

சார் கீழே கிடந்த துண்டு ஒன்றைச் சுத்தியலால் தட்டினார். கணீரென்றது. வெளித்தோல் துருப்பிடித்த பழுப்பு. உடைந்த முகம் கருநீலம், எண்ணெய் பூசியதுபோல ஒரு மினுமினுப்பு. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் நடுவே நீல நிறக் குவார்ட்ஸ் மணிகள் தெரிகின்றன. அந்த எண்ணெய் மினுக்குக்கும் பெட்ரோலியத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

இதுதான் சார்னோக்கைட். கல்கத்தாவோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து போன பாறை. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். உலகத்தில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் பரங்கிமலை, பல்லாவரம் கல்லோடுதான் ஒப்பிடுவார்கள். இதுவே மூல மாதிரி. பரங்கிமலையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்து உருவான கல்.

"இந்த மாதிரி கல்லு அன்டார்க்டிகாவுல எங்க பார்த்தாலும் இருக்கு" என்றார். ஆஸ்திரேலியாவின் மாசன் நிலையம் நிற்பதே சார்னோக்கைட் மேல்தான், வயதில் மட்டும் நம்முடையதைவிட இளையது. இன்னும் மேற்கே எண்டர்பி லேண்ட் என்ற பகுதியில் நம் பாறைக்கு ஈடான பழமையும் அதைவிட அதிகமான பழமையும் உள்ள கற்கள் உண்டு. கோண்டுவானா கண்டம் ஒன்றாக இருந்த காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரை இந்த எண்டர்பி பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடற்கரையே இல்லை. இங்கிருந்து கிழக்கே நடந்தால் அன்டார்க்டிகா.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஒட்டு பிரிந்தது. ஒரே நாளில் விரிசல் விட்டு விலகவில்லை. நிலம் முதலில் இழுபட்டு மெலிந்தது. நீள நீளமான பள்ளங்கள் இறங்கின. பள்ளத்தில் ஆறு வண்டலைக் கொட்டியது. பிறகு ஏரி, அதன் பிறகு கடல். மகாநதி, கிருஷ்ணா–கோதாவரி, பாலாறு, காவிரி என்று நம் கிழக்குக் கரையில் வரிசையாக இருக்கும் படுகைகளின் தொடக்கம் இதுதான். எதிர்ப்பக்கத்துப் பள்ளங்கள் இப்போது பனிக்கும் தென் சமுத்திரத்துக்கும் அடியில் கிடக்கின்றன. பிரிந்த இரு கரைகளில் ஒன்றைத் துளைத்துப் பார்க்க முடியாவிட்டால் மற்றதைப் படிப்பது எண்ணெய்த் தொழிலில் பழைய வழக்கம். பிரேசில் கரையைப் புரிந்துகொள்ள அங்கோலாவையும், அங்கோலாவைப் புரிந்துகொள்ளப் பிரேசிலையும் பார்ப்பார்கள். அன்டார்க்டிகாவின் அந்த ஓரத்துக்கு இந்தக் கரைதான் ஜோடி. சார் என்னைத் திரிசூலத்துக்குக் கூட்டிவந்த காரணமும் அதுதான்.

கீழே இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் வாடகை வண்டி பிடித்தோம். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார் என்பது பள்ளிப் புத்தகச் செய்தி. நிலவியல்காரர்களுக்கு அவர் வேறு காரணத்துக்காகவும் முக்கியம். ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளை வரைபடமாக்கி 1873-ல் அறிக்கை எழுதியவரும் அவரே. நாங்கள் போகவேண்டிய அடுத்த இடம் அதுதான்.

மேற்குத் தாம்பரத்தில் டீ குடிக்க நின்ற இடத்தில் ஒரு போர்வெல் வண்டி நின்றிருந்தது. படுகையின் விளிம்பு எங்கே என்று கேட்க இவர்களைவிட நல்ல ஆட்கள் கிடையாது.

"அண்ணே, இந்தப் பக்கமெல்லாம் போட்டா என்ன வரும்?"

"இங்கயா? மேல கொஞ்சம் மண்ணு, அப்புறம் சுக்கான் மாதிரி உதிரி. அத்தோட கல்லுதான் சார். கேசிங் கம்மியா இறக்கினாப் போதும், அதுக்கப்புறம் வெறும் பவுடர்தான் பறக்கும்."

"ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம்?"

"அங்க களி. சாம்பல் கலர்ல, சில எடத்துல கறுப்பா. கேசிங் போட்டுக்கிட்டே போவணும், விட்டா மூடிக்கும். அந்தப் பக்கம் ரேட்டே வேற."

போர்வெல்காரரின் கேசிங் பைப் கணக்கில் இரண்டு உலகங்கள் பிரிந்துவிட்டன. பவுடர் பறக்கிற பக்கம் திரிசூலத்துப் பழம்பாறை. களி மூடிக்கொள்கிற பக்கம், அந்தப் பாறை உடைந்து இறங்கிய பள்ளத்தில் சேர்ந்த வண்டல்.

முடிச்சூர், படப்பை, ஒரகடம். சாலை நெடுக கன்டெய்னர் லாரிகள். வல்லம்–வடகால் சிப்காட்டில் ஒரு கிடங்குக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காவலாளியிடம் சார் பத்து நிமிடம் பேசி அனுமதி வாங்கினார். குழியில் இரண்டாள் ஆழத்துக்கு வெளிறிய மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஏடு ஏடாகப் பிளக்கும் களிப்பாறை. பொக்லைன் கொட்டியிருந்த கட்டிகளை எடுத்து, பேனாக்கத்தியை ஏட்டுக்கு நடுவே கொடுத்துத் திருகினால் இரண்டாகத் திறக்கிறது. பல கட்டிகளில் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்றில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு காம்பும் அதன் இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக அடுக்கிய சிறு இலைகளும் துருநிறத்தில் பதிந்திருந்தன. டைலோஃபில்லம். ஈந்து, சைகஸ் போன்ற தோற்றமுள்ள, அடியோடு அழிந்துபோன ஒரு தாவரக் கூட்டம். சென்னைக் கரையின் இந்த இலைகளை ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டெல் 1879-லேயே விவரித்துவிட்டார். இதே படிவுகளில் கடல் உயிர்களான அம்மோனைட்டுகளும் கிடைத்திருக்கின்றன. அதாவது இலை உதிர்ந்து மிதந்து வந்து படிந்த இடம் கடல் எட்டிப் பார்த்த ஒரு கழிமுகம்.

இந்த இலை உதிர்ந்தபோது வல்லம் இருந்த இடம் எது என்று கேட்டேன். தெற்கு அட்சரேகை சுமார் 50 டிகிரி என்றார். இன்றைய உலகப்படத்தில் அங்கே கடும் காற்றும் குளிர்கடலும்தான். அன்றைக்கு அங்கே காடு. எதிர்க்கரையான அன்டார்க்டிகா இன்னும் தெற்கே, அங்கும் காடுதான். துருவத்தில் பனி நிரந்தரமாகப் படர்ந்ததெல்லாம் மிகப் பிந்திய கதை. அன்டார்க்டிகாவில் சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் பெரும் பனி மூடியது. துருவப் படுகைகளில் எண்ணெய் எப்படி வந்தது என்று வியக்கிறவர்கள் இன்றைய பனியைப் பார்த்து வியக்கிறார்கள். பாறை உருவானபோது பனி இல்லை.

குழியின் ஓரத்தில் உட்கார்ந்தபடி அவர் எனக்கு எண்ணெய்ச் சமையலின் கணக்கைச் சொன்னார். உயிர்ப்பொருள் நிறைந்த கரிய களிப்பாறை வேண்டும். அதை 60 முதல் 120 டிகிரி சூட்டில் லட்சக்கணக்கான ஆண்டுகள் வேகவிட வேண்டும். அந்தச் சூட்டுக்குப் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் ஆழம் தேவை. ஊறிவந்தது தங்க மணற்கல், தப்பாமலிருக்க மேலே மூடி, ஓடிப்போகாமலிருக்க மடிப்போ உடைப்போ. இதில் எது முன்னே எது பின்னே என்ற வரிசையும் சரியாக விழவேண்டும். வல்லத்து இலைப்படுகை ஆழமாகப் புதையாததால் வேகவே இல்லை. தவிர, இலையும் மரமும் வெந்தால் பெரும்பாலும் வாயுதான் வரும். எண்ணெய்க்குப் பாசியும் நுண்ணுயிரும் வேண்டும். பாலாற்றுப் படுகையில் தரையிலும் கடலிலும் தேடியிருக்கிறார்கள். இன்றுவரை வணிக உற்பத்தி இல்லை.

தெற்கே காவிரிப் படுகையில் அதே பிரிவு, அதே காலம், ஆனால் பள்ளங்கள் ஆழம். ஆண்டிமடம் படிவமும் சாத்தப்பாடி களிப்பாறையும் அங்கே கீழே போய் வெந்தன. ஓ.என்.ஜி.சி. 1964-ல் காரைக்காலில் முதல் கிணறு தோண்டியது. உருப்படியான எண்ணெய் நரிமணத்தில் 1980-களில்தான். இன்னொரு செய்தி எனக்குப் புதிது. புதுச்சேரிக்கு அப்பால் கடலில் இருக்கும் பி.ஒய்.-1 வயலில் வாயு தங்கியிருப்பது மணற்கல்லில் இல்லை, விரிசல் விட்ட அடித்தளப் பாறையில். சீர்காழிப் பக்கம் மாதானத்திலும் அடித்தளத்தில் எண்ணெய் கண்டார்கள். "காலையில நாம தட்டிப் பார்த்த மாதிரி கல்லுதான். பக்கத்துல வெந்த களிப்பாறை இருந்து, இதுல விரிசலும் இருந்தா, உள்ள போய் உட்கார்ந்துக்கும்." திரிசூலத்துப் பாறையை இனி வெறும் ஜல்லியாகப் பார்க்க முடியவில்லை.

அப்படியானால் எதிர்க்கரையில்? பிரிட்ஸ் விரிகுடாவில், ஒடிசாவின் மகாநதிப் பள்ளத்தோடு ஒரு காலத்தில் தொடர்ந்திருந்ததாகக் கருதப்படும் லாம்பர்ட் பள்ளத்தின் வாயில், அறிவியல் கப்பல் இரண்டு முறை துளையிட்டது: 1988-லும் 2000-லும். பனிவண்டலுக்கு அடியில் கிரெட்டேஷியஸ் காலத்துக் கரிய களியும், பனி வருவதற்கு முந்தைய தாவர எச்சமும் வந்தன. உள்ளே இளவரசர் சார்லஸ் மலைத்தொடரில் பெர்மியன் நிலக்கரி இருக்கிறது, நம் தால்சேர் கரியின் பங்காளி. கண்டத்தின் மறுபக்கம் ராஸ் கடலில் 1973-ல் குளோமர் சேலஞ்சர் கப்பல் துளைத்தபோது மீத்தேனும் ஈத்தேனும் தென்பட்டன. அது உலகம் எண்ணெய் நெருக்கடியில் தவித்த ஆண்டு என்பதால் பத்திரிகைகள் அந்தச் சிறு வாயுத் தடயத்தை ஊதிப் பெரிதாக்கின. எண்ணெய் ஒரு சொட்டும் வரவில்லை.

திரும்பும் வழியில் ஒரகடத்தைத் தாண்டி ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாய்த் தொட்டி, மேலே பச்சைக் கம்பளம். மாட்டுக்கு அசோலா வளர்க்கிறார்கள். சார் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். 2004-ல் வட துருவத்துக்கு அருகே லோமனோசோவ் முகட்டில் பனியுடைப்புக் கப்பல்கள் காவல் நிற்க ஒரு துளை போட்டார்கள். சுமார் 4.9 கோடி ஆண்டுப் பழைய வண்டலில் அடுக்கடுக்காக வந்தது இந்த அசோலாவின் எச்சம். அன்று ஆர்க்டிக் கடல் ஏறக்குறைய மூடிய குளமாக இருந்தது. ஆறுகள் கொட்டிய நன்னீர் மேலே மிதந்தது. அதன் மேல் அசோலா படர்ந்து, செத்து, பிராணவாயு இல்லாத அடியில் அழுகாமல் சேர்ந்தது. வீட்டம்மா நாங்கள் கைநிறைய அள்ளிப் பார்ப்பதைக் கண்டு, "விதைக்கு வேணுமாண்ணா? பையில போட்டுத் தரவா?" என்றார்.

ஆர்க்டிக்கின் கதை அன்டார்க்டிகாவைப் போல ஊகத்தில் நிற்பதில்லை. அலாஸ்காவின் புருடோ பே 1968-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2008-ல் போட்ட மதிப்பீட்டின்படி ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் சுமார் 9,000 கோடி பீப்பாய் எண்ணெயும் 1,669 லட்சம் கோடி கன அடி வாயுவும் இருக்கலாம். பெரும்பகுதி கடலுக்கு அடியில். ரஷ்யாவின் வான்கோர் வயல் ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கிறது. 2016-ல் இந்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து அதில் ஏறக்குறைய பாதிப் பங்கை வாங்கின.

ஆனால் பனி, பின்னால் வந்தாலும், சும்மா இருப்பதில்லை. நார்வேக்கு வடக்கே பேரண்ட்ஸ் கடலில் நிலம் மேலெழும்பியதும் பனியாறுகள் சுரண்டியதுமாக, சில இடங்களில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் மேற்பாறை காணாமல் போனது. மேலே இருந்த பாரம் குறைந்தால் உள்ளே சிறைப்பட்ட வாயு விரியும். விரிந்த வாயு அடியிலிருக்கும் எண்ணெயை விளிம்புக்கு மேல் தள்ளி வெளியே துரத்தும். மூடியும் விரிசல் விடும். 1984-ல் கண்டுபிடித்த ஸ்னோவிட் வயலில் வாயு ஏராளம், அதற்கு அடியில் எண்ணெய் மெல்லிய படலமாக மட்டும். நார்வேக்காரர்கள் ஏமாந்துபோனார்கள். அன்டார்க்டிகாவின் கரையோரத்திலும் பனி இதே சுரண்டலைச் செய்திருக்கிறது. வளம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கழித்தலைச் சொல்வதே இல்லை.

மேடவாக்கம் வழியாகப் பள்ளிக்கரணை வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வாசல். உள்ளே போக முன் அனுமதி வேண்டும். நாங்கள் வெளியேதான் நின்றோம். இந்த வளாகத்தில் வடிவமைத்த ஒரு கருவித்தொகுதி, இண்ட்ஆர்க், 2014 ஜூலையில் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் காங்ஸ்ஃபியார்டில் 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிடப்பட்டது. ஆர்க்டிக் நீரின் சூட்டையும் உப்பையும் அளப்பது அதன் வேலை, எண்ணெய் தேடுவதில்லை. ஆனால் அது இறங்கிய இடம் ஒரு நிலவியல்காரருக்குத் திருத்தலம். ஸ்வால்பார்டின் மலைச்சரிவுகளில் பாட்னஹையா என்ற ட்ரையாசிக் காலக் கரிய களிப்பாறை வெளியே தெரிகிறது. பேரண்ட்ஸ் கடலுக்கடியில் எண்ணெய் ஊறிய தாய்ப்பாறைகளில் ஒன்றை அங்கே கையால் தொடலாம். நம் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் இருக்கும் நியூ-ஆலசுண்ட் ஊரே பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். 1962-ல் வெடிவிபத்தில் 21 பேர் இறந்த பிறகு சுரங்கத்தை மூடினார்கள்.

இதே நிறுவனம் கிருஷ்ணா–கோதாவரி கடலடியில் உள்ள வாயு ஹைட்ரேட்டுகளை ஆராயவும் ஆழ்கடல் வண்டிகளை உருவாக்கியிருக்கிறது. தண்ணீர்ப் பனிக்கட்டிக் கூண்டுக்குள் மீத்தேன் அடைபட்ட பொருள் அது. 2006-ல் அங்கே ஒரு துளையில் சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு அகப்பட்டது. ஆழ்கடலுக்கு அடுத்து இது கிடைக்கும் இடம் துருவத்து உறைமண். கனடாவின் மெக்கன்சி கழிமுகத்தில் 2002-ல் நடந்த மாலிக் சோதனைக் கிணற்றில் இந்தியாவும் ஒரு பங்காளி.

சாலைக்கு அந்தப் பக்கம் சதுப்பு. சார் கரையோரம் இறங்கி ஒரு குச்சியால் சேற்றைக் கிளறினார். மேலே பழுப்பு, ஒரு விரல்கடைக்குக் கீழே மை மாதிரிக் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம், நாலைந்து குமிழி. "இதுதான் தாய்ப்பாறை, பொறந்த குழந்தையா. இதை மூணு கிலோமீட்டர் புதைச்சா..." என்று தொடங்கியவர் பெருங்குடி குப்பைமேட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தெருமுனைக் கடையில் உட்கார்ந்து கடைசியாக நேரே கேட்டேன்: இருக்குமா, இருக்காதா?

"காவிரி மாதிரி இருக்கலாம். சின்னச் சின்னதா, உடைஞ்சு உடைஞ்சு. மத்தியக் கிழக்கு மாதிரியெல்லாம் கனவு காணக்கூடாது. அதிலயும் பனி சுரண்டினது போக மிச்சம். கடலடியே ஐந்நூறு மீட்டர், மேல மலை மாதிரி பனிப்பாறை மிதந்து வரும். எந்தக் கம்பெனிக்காரன் போவான்?"

போக நினைத்தாலும் வழியில்லை. 1991-ல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, அன்டார்க்டிகாவில் ஆராய்ச்சி தவிர எந்தக் கனிம வேலையும் கூடாது என்கிறது. இந்தியா 2022-ல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டது. 2048-க்குப் பிறகு இதை மறுபரிசீலனை செய்யும்படி ஆலோசனை உரிமை பெற்ற எந்த உறுப்பு நாடும் கேட்கலாம். அப்போதும் தடையை நீக்குவது லேசில்லை. விசித்திரம் என்னவென்றால், இந்தக் கரையிலும் அதே நிலைமை வந்திருக்கிறது. நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை போட்டது. ஒரே பிளவின் இரண்டு கரையிலும் சட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது, ஒன்று பனிக்காக, ஒன்று நெல்லுக்காக. இரண்டும் சரியென்றே நான் நினைக்கிறேன். சார் அப்படி நினைக்கவில்லை. டெல்டாவில் இருபது வருடம் கிணறு பார்த்தவர், தடைக்குப் பதில் கண்காணிப்பு போதும் என்பது அவர் கட்சி. அதில் கொஞ்ச நேரம் சூடாகவே பேசினோம்.

இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் வல்லம். பரங்கிமலைக் கல்லுக்குப் பலகை இருக்கிறது. திருவக்கரை, சாத்தனூர்க் கல்மரங்களுக்கு வேலி இருக்கிறது. அன்டார்க்டிகா பிரிந்த காலத்தைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஸ்ரீபெரும்புதூர் இலைப்படுகைக்கு எதுவும் இல்லை. நாங்கள் பார்த்த குழியில் அடுத்த வாரம் கான்கிரீட் போட்டுவிடுவார்கள். அங்கிருந்து கிளம்பும் முன் சார் பொக்லைன் ஓட்டுகிற பையனிடம் தன் நம்பரைக் கொடுத்து, "தம்பி, இந்த மாதிரி இலை தெரிஞ்சா ஒரு போன் அடி, எந்த சைட்டா இருந்தாலும் சரி" என்று சொல்லி வைத்திருந்தார். நாங்கள் டீக்குக் காசு கொடுக்கும்போதே அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் வந்திருந்தன. இரண்டு வெறும் கறை. மூன்றாவதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில ஃப்ரீயா?" என்றார்.